அறிந்த பிறகு சொல்லட்டும்

வாசகர் கேள்வி – பதில்

நடுநிலை வகுப்புகளில் படிக்கும் 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நன்றியுணர்வைக் கற்பிப்பது எப்படி என்று கேட்டுச் சென்ற மாதம் பல கடிதங்கள் வந்திருந்தன. அவற்றில் ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டு, இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பிள்ளைகளைப் பற்றிய அந்தரங்கமான செய்திகள் சில கடிதங்களில் இருப்பதால், எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நான் 7ஆம் வகுப்பு ஆசிரியை. தினமும் காலையில் யாருக்காவது நன்றி தெரிவித்து மூன்று வரிகள் எழுத வேண்டும் என்று மாணவர்களுக்கு ஒரு குறிப்பேடு கொடுத்தேன். முதல் வாரம் ஆர்வமாக எழுதினார்கள். மூன்றாவது வாரத்திலோ பெரும்பாலானவர்கள் "அம்மாவுக்கு நன்றி, ஆசிரியருக்கு நன்றி, நண்பனுக்கு நன்றி" என்று தேதியை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தே எழுதிவிடுகிறார்கள். நான் எங்கே தவறினேன்?

பதில்: குறிப்பேடு நல்ல ஏற்பாடுதான், அதில் கேட்கப்படும் கேள்வியில்தான் குறை இருக்கிறது. யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறாய் என்று கேட்டால், 12 வயதுப் பிள்ளைக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர்கள் நான்கோ ஐந்தோதான். அவை முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு தேதிதான் மாறும்.

திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்ற சொல், நாம் இன்று வாயால் சொல்லும் நன்றியைக் குறிக்கவில்லை; ஒருவர் நமக்குச் செய்த நன்மையையே குறிக்கிறது. அந்த நன்மையை அறிவதுதான் அதிகாரத்தின் பொருள். இந்தப் பெயரை என் வகுப்பறைக்கான பாடத்திட்டமாகவே நான் பல ஆண்டுகளாகக் கொண்டிருந்தேன்: நமக்குச் செய்யப்பட்டது என்ன என்பதை முதலில் அறிய வேண்டும், சொல்வது அதற்குப் பிறகு. உங்கள் மாணவர்கள் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அறிவதற்கான வேலை அவர்களுக்கு இன்னும் தரப்படவில்லை.

அந்த வேலையை எப்படித் தருவது? ஒருவருக்கு நன்றியுணர்வு எப்போது மிகுகிறது என்று ஆப்ரஹாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1968இல் ஆராய்ந்தார்கள். உதவியவரின் நோக்கம், உதவுவதற்காக அவர் இழந்தது, பெற்றவருக்கு அந்த உதவியின் மதிப்பு ஆகிய மூன்றும் அதைத் தீர்மானிப்பதாகக் கண்டார்கள். ஜெஃப்ரி ஃப்ரோவும் அவருடைய குழுவினரும் இந்த மூன்றையும் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்புப் பாடங்களாக அமைத்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாடங்களைப் படித்த பிள்ளைகள், படிக்காதவர்களைவிடக் கூடுதலான நன்றி அட்டைகளைத் தங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு எழுதியிருந்தார்கள். நான் வகுப்பில் இந்த மூன்றையும் இப்படித்தான் கேட்பேன்: அவர் இதை எனக்காக நினைத்துச் செய்தாரா? இதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார்? இது கிடைக்காமல் போயிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்?

வடிவியல் தேர்வு ஒன்று முடிந்த மறுநாள், மாணவன் ஒருவன் தன் குறிப்பேட்டில் "கவராயம் தந்ததற்கு நன்றி" என்று மூன்றே சொற்கள் எழுதி மூடிவிட்டான். தேர்வின் நடுவே அவனுடைய கவராயத்தின் திருகு கழன்று பென்சில் நிற்காமல் போனதால், பக்கத்து வரிசை மாணவி தன்னுடையதைக் கொடுத்திருந்தாள். முதல் கேள்விக்கு, "நான் கேட்கவே இல்லை, அவளே நீட்டினாள்" என்றான். இரண்டாவது கேள்விக்கு, "அவள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லையே, நான்தான் திருப்பிக் கொடுத்துவிட்டேனே" என்றான். எப்போது திருப்பிக் கொடுத்தாய் என்று கேட்டேன். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது என்றான். அந்த வினாத்தாளில் கவராயம் தேவைப்படும் கணக்குகள் எத்தனை என்று மட்டும் அடுத்துக் கேட்டேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கியவன் மூன்றாவது விரலில் நின்றுவிட்டான். "அப்படியென்றால் அவள் மூன்றையும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் போட்டிருப்பாளா?" என்று என்னைக் கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் குறிப்பேட்டைத் திறந்து, எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, அரைப் பக்கம் எழுதினான். அந்த அரைப் பக்கத்தில் நன்றி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

ஆகவே உங்களுக்கு என் முதல் யோசனை, ஒரு மாதத்துக்கு அந்தக் குறிப்பேட்டில் நன்றி என்ற சொல்லையே எழுதக் கூடாது என்று சொல்லிவிடுவதுதான். நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியை, எந்த நாள், எந்தப் பாடவேளை, யார் என்ன செய்தார் என்று தொடங்கி எழுதட்டும்; பிறகு அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடட்டும். தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் போதும். சோனியா லுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் ஆறு வாரச் சோதனை ஒன்றில், வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களிடம்தான் மகிழ்ச்சி கூடியது. மூன்று முறை எழுதியவர்களிடம் கூடவில்லை. நல்ல பழக்கமும் கடமையாகிவிட்டால் சலித்துப்போகும் என்பதை உங்கள் வகுப்பே மூன்று வாரத்தில் காட்டிவிட்டது. குறிப்பேட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள். அவர்களுடைய அனுமதி இல்லாமல் வகுப்பில் வாசிக்கவும் வேண்டாம், ஏனென்றால் மற்றவர் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் மிகுதியாக இருக்கும் வயது இது. பிறர் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் பார்ப்பவர்களுக்காகத்தான் எழுதுவார்கள். அவர்கள் எழுதும் நேரத்தில் நீங்களும் உட்கார்ந்து உங்களுடைய குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்; நன்றி என்று ஒரு சொல் வருவதில்லை. உறவினர்கள் என் வளர்ப்பைக் குறை சொல்கிறார்கள். அவனுக்காக நாங்கள் பட்ட சிரமங்களை எடுத்துச் சொன்னால், முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வற்புறுத்திச் சொல்லவைக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மரியாதை, நன்றியுணர்வு என்று இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்வது மரியாதை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவதைக் கற்பிப்பதைப் போலவே அதையும் கற்பிக்கலாம், கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கற்பிக்கும் இடம் உறவினர்களின் முன்னிலை அன்று. "சொல்லுடா, என்ன சொல்லணும்?" என்று எல்லோர் எதிரிலும் கேட்கும்போது அந்தப் பையனுக்குத் தன் அவமானம்தான் தெரியும், கொடுத்தவரின் அன்பு அவன் கண்ணில் படாது. வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் தனியாக, ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அங்கே போன பிறகு விட்டுவிடுங்கள்.

நன்றியுணர்வு வேறு வடிவங்களிலும் இருக்கும். ஃபிரான்சிஸ்கா பாம்கார்ட்டன் டிரேமர் என்ற உளவியலாளர் சுவிட்சர்லாந்தில் 7 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேட்டு, 1938இல் அந்த ஆய்வை வெளியிட்டார். உன் மிகப் பெரிய ஆசை எது? அதை நிறைவேற்றித் தருபவருக்கு நீ என்ன செய்வாய்? சில பிள்ளைகள் நன்றி சொல்வேன் என்றார்கள். சிலர் தமக்குப் பிடித்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். சிலர் அந்த மனிதருக்கு எது உதவும் என்று எண்ணி அதைச் செய்வதாகவும் அவரோடு நட்பாக இருப்பதாகவும் சொன்னார்கள். வேறு சிலர் கிடைத்ததைக் கொண்டு தாம் முன்னேறிக் காட்டுவதாகச் சொன்னார்கள். வயது ஏற ஏறப் பொருளுக்குப் பொருள் என்ற விடைகள் குறைந்தன. அந்த மனிதரையே மனத்தில் வைத்துச் சொன்ன விடைகள் கூடின. எனவே உங்கள் மகன் வாயைத் திறக்காமல் போகிற நாள்களில், வேறு ஏதாவது செய்கிறானா என்று கவனியுங்கள். சித்தப்பா கொடுத்த மிதிவண்டியை வாரந்தவறாமல் துடைத்து வைக்கும் பையன், சித்தப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசாதவனாக இருக்கலாம். அப்போது, "நீ அதை இவ்வளவு நன்றாக வைத்திருப்பது தெரிந்தால் சித்தப்பாவுக்கு மகிழ்ச்சியாக இருக்கும், நீயே சொல்கிறாயா?" என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்துச் சொல்வது உங்களுக்கு வருத்தம் தரலாம். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் பட்ட சிரமங்களைப் பட்டியலாகச் சொல்லும்போது, அது பிள்ளையின் காதில் கடன் கணக்காகவே விழும். அவன் கேட்காமல் ஏறிய கடன், அடைக்கவே முடியாத கடன். முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. உழைப்பைச் சொல்லிக் காட்டுவதைவிட அதன் ஒரு பகுதியைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது. துணிகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து, அவரவர் அலமாரியில் வைப்பது வரையிலான வேலையை ஒரு மாதம் அவனுடைய பொறுப்பில் விடுங்கள். ஒரு நாள் மட்டும் செய்தால் அது விளையாட்டு, ஒரு மாதம் செய்தால், உலராத துணியும் காணாமல் போன காலுறையும் "என் சட்டை எங்கே?" என்ற அதட்டலும் அவனுக்குத் தெரியவரும். நீங்களும் உங்கள் கணவரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதை அவன் கேட்கிறானா என்றும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் நன்றி வாரம் கொண்டாட இருக்கிறோம். அதிகமான நன்றிக் கடிதங்கள் எழுதும் மாணவருக்குப் பரிசும், வகுப்புக்குச் சுழற்கோப்பையும் தரலாம் என்று தலைமையாசிரியனாகிய நான் எண்ணுகிறேன். துப்புரவுப் பணியாளர்களை மேடையேற்றிக் கௌரவிக்கவும் திட்டம் உண்டு. உங்கள் கருத்து?

பதில்: பரிசையும் சுழற்கோப்பையையும் கைவிட்டுவிடுங்கள். எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் பிள்ளைகள் எண்ணிக்கையைத்தான் தருவார்கள். நன்றிக் கடிதம் பெறும் பெரியவரும் அது போட்டிக்காக எழுதப்பட்டது என்பதைப் படித்தவுடன் தெரிந்துகொள்வார்.

மேடையைப் பற்றி முதலில் அந்தப் பணியாளர்களிடமே கேளுங்கள். பலருக்கு அது பெருமையாக இருக்கும். சிலருக்கு நூற்றுக்கணக்கான கண்களின் முன் நிற்பது வேதனையாக இருக்கும். எந்த வழியாக இருந்தாலும், வாரத்தில் ஒரு நாள் ஏறும் மேடையைவிட மற்ற நாள்களில் தரை எப்படி இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். எட்டாம் வகுப்பு மாணவர்களில் நான்கைந்து பேரை அவர்களோடு அமர்ந்து பேசச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு வருகிறீர்கள், எந்த அறைக்கு அதிக நேரம் ஆகிறது, எதைக் கண்டால் சலிப்பாக இருக்கிறது? மாணவர்கள் குறித்துக்கொண்டு வந்து, தங்கள் வகுப்பிடம் அதைச் சொல்லட்டும். அதன் பிறகு பென்சில் சீவிய தூளும் கிழித்த தாளும் மேசைக்கு அடியில் குறைகின்றனவா என்று மாதம் ஒருமுறை அதே பணியாளர்களைக் கேளுங்கள். குறைந்திருந்தால், உங்கள் நன்றி வாரம் நன்றாகவே நடந்திருக்கிறது.

கேள்வி: என் வகுப்பு மாணவி ஒருத்தி, "நான் நன்றி சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை" என்று எழுதிவிட்டு மீதிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அவளுடைய வீட்டுச் சூழல் நல்லதாக இல்லை என்று மட்டும் தெரியும். அவளிடம் என்ன சொல்வது?

பதில்: அன்றைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்தப் பக்கம் வெறுமையாக இருப்பதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு. "கண்ணும் கையும் நன்றாக இருக்கின்றனவே, அதற்காவது நன்றி எழுது", "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப் பார்" என்றெல்லாம் சொல்ல நம் நாவு துடிக்கும். துன்பத்தில் இருக்கும் பிள்ளைக்கு இந்தச் சொற்கள், உன் வலியைச் சொல்லாதே என்றுதான் கேட்கும். அவள் உங்களிடம் உண்மையை எழுதியிருக்கிறாள். அது உங்கள் மேல் அவள் வைத்த நம்பிக்கை. "நீ மனத்தில் பட்டதை அப்படியே எழுதியது எனக்கு முக்கியம், எப்போது பேச வேண்டுமானாலும் நான் இருக்கிறேன்" என்று ஓரத்தில் சிறிதாக எழுதிக் கொடுங்கள். பிறகு காத்திருங்கள். வீட்டில் அவளுக்கு ஆபத்து இருப்பதாகச் சிறு ஐயம் எழுந்தாலும், குறிப்பேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, குழந்தைப் பாதுகாப்புக்கு உங்கள் பள்ளியில் பொறுப்பானவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

இதையொட்டி எல்லா ஆசிரியர்களிடமும் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். நம் மொழியில் நன்றிக்கடன் என்றொரு சொல் இருக்கிறது. நல்லவர்களின் வாயில் அது அழகான சொல்தான். ஆனால் பிள்ளைகளைத் துன்புறுத்துகிறவர்கள் முதலில் கையில் எடுப்பதும் அதே சொல்லைத்தான்: உனக்கு இவ்வளவு செய்தேனே, என்னைக் காட்டிக்கொடுப்பாயா? ஒருவர் நமக்கு நன்மை செய்திருந்தாலும், அவர் செய்யும் தீமையை வெளியே சொல்லலாம், அவர் கேட்பதை மறுக்கலாம், அது நன்றிகெட்டதனம் ஆகாது என்பதை நன்றியைக் கற்பிக்கும் அதே பாடத்தில், அதே அழுத்தத்தோடு கற்பிக்க வேண்டும். உதவியவரின் நோக்கம் என்ன என்ற முதல் கேள்வியை நான் ஒருபோதும் விட்டுவிடாததற்குக் காரணம் இதுதான். ஒரு பிள்ளை அந்தக் கேள்விக்கு, "அவர் என்னிடம் வேறு எதையோ எதிர்பார்த்துத்தான் கொடுத்தார்" என்று விடை கண்டால், அவளும் சரியாகவே அறிந்திருக்கிறாள்.

கேள்வி: நன்றிக் குறிப்பேடு எழுதினால் மகிழ்ச்சி பெருகும், படிப்பு உயரும் என்றெல்லாம் சொல்கிறார்களே, இதற்கு ஆதாரம் உண்டா?

பதில்: ஓரளவு உண்டு. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் பெரியவர்களிடம் நடத்திய சோதனைகள்தான் இந்தப் பேச்சைப் பரவலாக்கின. நடுநிலைப் பள்ளி வயதுக்கு நேரடியாகப் பொருந்துவது, 2008இல் ஃப்ரோவும் எம்மன்ஸும் மற்றொருவரும் வெளியிட்ட ஆய்வு. 6, 7ஆம் வகுப்புகளைச் சேர்ந்த 221 மாணவர்கள் அதில் பங்கேற்றார்கள். இரண்டு வாரம் சில வகுப்புகள் நன்றிக்குரியவற்றையும் சில வகுப்புகள் எரிச்சலூட்டியவற்றையும் எழுதின. மற்றவை ஒன்றும் எழுதவில்லை. நன்றிக்குரியவற்றை எழுதியவர்களிடம் பள்ளியைப் பற்றிய நிறைவு கூடியிருந்தது. ஆனால் பல அளவீடுகளில், எரிச்சல்களை எழுதியவர்களோடு ஒப்பிடும்போது தெரிந்த அளவு வேறுபாடு, ஒன்றும் எழுதாதவர்களோடு ஒப்பிடும்போது தெரியவில்லை. பிள்ளைகளிடம் நடந்த இத்தகைய பயிற்சிகளைத் திரட்டி ஆராய்ந்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பயன் மிகச் சொற்பம் என்றே முடிவுக்கு வந்தது. மதிப்பெண் உயரும் என்று யாரேனும் உறுதி கூறினால் நம்ப வேண்டாம். தன்னைச் சுற்றி யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு பிள்ளை அறிந்துகொள்வது, வேறு எந்தப் பயனும் இல்லாவிட்டாலும் கற்பிக்கத் தக்கது என்பதால்தான் நான் அதைக் கற்பித்தேன்.

கேள்வி: எனக்கு 13 வயது. எனக்குப் பின்னம் புரியவே புரியாது. 5ஆம் வகுப்பில் ஓர் ஆசிரியர் மதிய இடைவேளையில் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் இப்போது வேறு பள்ளியில் இருக்கிறார். அவருக்குக் கடிதம் எழுத ஆசை, ஆனால் அசட்டுத்தனமாக இருக்குமோ என்று கூச்சமாக இருக்கிறது. அவருக்கு என்னை நினைவிருக்குமா என்றும் தெரியவில்லை.

பதில்: எழுது, அம்மா. உனக்கு இருக்கும் இதே கூச்சத்தை அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி என்ற இருவர் ஆராய்ந்து 2018இல் எழுதியிருக்கிறார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுகிறவருக்கு அது சங்கடமாக இருக்கும் என்று மிகையாகவும், அவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். கடிதம் பெற்றவர்களைக் கேட்டபோது உண்மை வேறாக இருந்தது. நான் பெற்றவர்களின் பக்கத்தில் இருப்பவன். பழைய மாணவர்கள் எழுதிய கடிதங்கள் என்னிடம் ஒன்பது இருக்கின்றன. ஒன்பதும் எந்த உறையில் வந்தன என்பதுவரை எனக்குத் தெரியும்.

பெரிய சொற்களைத் தேடாதே. "நீங்கள் தெய்வம் போன்றவர்" என்று எழுதினால் அவர் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். அவர் எந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார், எந்தக் கணக்கில் உனக்குச் சட்டென்று புரிந்தது என்று எழுது. அந்த மதிய வேளைகளில் மற்ற ஆசிரியர்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது உனக்கு இப்போதுதான் உறைக்கிறது என்றால், அதையும் எழுது. இன்று எந்தப் பாடத்தில் அந்தப் பின்னம் உனக்குக் கை கொடுக்கிறது என்று ஒரு வரி சேர். பதில் வராமலும் போகலாம். ஆசிரியர்களுக்கு விடைத்தாள் திருத்தும் மாதங்கள் உண்டு. உன் முழுப் பெயரையும், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாய் என்பதையும் கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடு. பெயர் பிடிபடாவிட்டாலும், இடத்தைச் சொன்னால் எங்களுக்கு முகம் நினைவுக்கு வந்துவிடும்.